மந்தநிலை வந்தா ஆன்லைன் வியாபாரத்துக்கு ஆதாயமா, அடியா?

வலைக்கடை:
பொருளாதாரம் படுத்தா ஆன்லைன் வியாபாரமும் கூடவே படுத்துடும்னு பல பேர் அடிச்சுப் பேசறீங்க. நான் நேர் எதிர். மந்தம் வந்தா முதல்ல அடி வாங்கறது வாடகை, சம்பளம், கரண்ட் பில்னு மாசாமாசம் கட்டிக்கிட்டு நிக்கற கடைகள்தான். அந்தக் கடைகளோட வாடிக்கையாளர் எல்லாம் கடைசியில வந்து சேர்ற இடம் இணையம்.

சும்மா சொல்லலை. 2008 செப்டம்பர் 15 அன்னைக்கு அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால். அதுக்கு முந்தின வருஷம் அமேசானோட விற்பனை 1,484 கோடி டாலர். 2008-ல 1,917 கோடி, 2009-ல 2,451 கோடி. உலகமே தலையில கைவெச்சு உக்காந்திருந்த நேரத்துல ரெண்டு வருஷமும் 28, 29 சதவீத வளர்ச்சி! அதே சமயம் எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலியான சர்க்யூட் சிட்டி 2008 நவம்பர்ல திவால் மனு போட்டு, அடுத்த வருஷம் எல்லாக் கடையையும் மூடிட்டாங்க. பிரிட்டன்ல வூல்வொர்த்ஸ் 800-க்கும் மேற்பட்ட கடைகளை 2009 ஜனவரிக்குள்ள இழுத்து மூடினாங்க. அந்தப் பேரை ஷாப் டைரக்ட் நிறுவனம் வாங்கி, அதே வருஷம் ஜூன்ல வெறும் இணையக் கடையா திறந்தாங்க. நெட்ஃபிளிக்ஸ் 2007 கடைசியில 75 லட்சம் சந்தாவோட இருந்துச்சு, 2009 கடைசியில 1.2 கோடியைத் தாண்டிடுச்சு.

கையில காசு குறைஞ்சா மனுஷன் என்ன செய்வான்? நாலு இடத்துல விலை பார்ப்பான். உக்காந்த இடத்துலேர்ந்து நாலு இடம் பார்க்க வழி எங்க இருக்கு? அவ்வளவுதான் என் வாதம். மறுக்கறவங்க கணக்கோட வாங்க.

கல்லாப்பெட்டி:
கணக்கோடு வருகிறேன். நீங்கள் காட்டியது எல்லாம் பிழைத்தவர்களின் பட்டியல். அதே 2008-ன் கடைசிக் காலாண்டில் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தின் வருமானம் முந்தைய ஆண்டைவிட 7 சதவீதம் குறைந்தது. அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதல் முறை. அமெரிக்க வணிகத்துறைக் கணக்கில் ஒட்டுமொத்த இணைய விற்பனையே அந்தக் காலாண்டில் முந்தைய ஆண்டின் அளவுக்குக் கீழே இறங்கியது. ஆக, அமேசான் வளர்ந்தது. இணைய வியாபாரம் வளரவில்லை. அமேசான் கடைத்தெருவிடமிருந்து மட்டும் வாடிக்கையாளரைப் பிடுங்கவில்லை, மற்ற இணையக் கடைகளிடமிருந்தும் பிடுங்கியது.

இன்னொன்று. ஸாப்போஸ் என்ற காலணி தளம் அதே 2008-ல் 100 கோடி டாலர் மொத்த விற்பனையைத் தொட்டது. அதே ஆண்டு நவம்பரில் 8 சதவீத ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. விற்பனை ஏறுகிறது, ஆளும் குறைகிறது. ஏன்? சரக்கை அடமானமாகக் காட்டி வங்கியிடம் வாங்கிய சுழல்கடனில்தான் கொள்முதலே நடந்துகொண்டிருந்தது. வங்கிகளே ஆடிப்போயிருந்த நேரத்தில் அந்தக் கடனைப் புதுப்பிக்க மறுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இயக்குநர் குழுவில் இருந்ததைத் தலைமை நிர்வாகியாக இருந்த டோனி ஷே பிற்பாடு வெளிப்படையாகவே எழுதினார். 2009-ல் நிறுவனம் அமேசான் கைக்குப் போய்விட்டது. 100 கோடி விற்றவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

குற்றம்குற்றமே:
இருவரும் “மந்தம்” என்று ஒரே சொல்லைச் சொல்லி வெவ்வேறு சங்கதிகளைப் பேசுகிறீர்கள். முதலில் தேதிகளைச் சரிசெய்துகொள்வோம். அமெரிக்காவில் மந்தநிலை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று அறிவிப்பது என்.பி.இ.ஆர். என்ற ஆய்வு அமைப்பு. அவர்கள் கணக்குப்படி 2001 மார்ச் முதல் நவம்பர் வரை ஒன்று. 2007 டிசம்பர் முதல் 2009 ஜூன் வரை ஒன்று. 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இரண்டே மாதம், ஒன்று.

ஆனால் டாட்காம் நிறுவனங்கள், அதாவது இணையத்தை நம்பி அப்போது முளைத்த கம்பெனிகள், சரியத் தொடங்கியது 2001-ல் அல்ல, 2000-த்தில். அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான நாஸ்டாக் 2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளியில் உச்சம். 2002 அக்டோபரில் 1,114. ஏறத்தாழ 78 சதவீதம் போயிற்று. செல்லப் பிராணிகளுக்கான பொருள் விற்ற பெட்ஸ்.காம் 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்டு நவம்பரிலேயே கடையைக் கட்டியது. அப்போது மந்தநிலை தொடங்கவே இல்லை! மக்கள் கையில் காசு இருந்தது, வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். முதலீட்டாளர்தான் கையை மூடிக்கொண்டார்.

வாடிக்கையாளர் கையை மூடுவதும் முதலீட்டாளர் கையை மூடுவதும் ஒன்றல்ல. இதைப் பிரிக்காமல் விவாதித்தால் விடியவிடியப் பேசலாம்.

வலைக்கடை:
நண்பரே, இது என் கட்சிக்குத்தானே பலம்? பெட்ஸ்.காம் வாங்கின விலைக்கும் கீழ வித்துக்கிட்டு, அதுக்கு மேல டிவி விளம்பரம் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அது வியாபாரமே இல்லை. வெப்வான் கதையும் அதேதான்: மளிகை டெலிவரி பண்றேன்னு கிளம்பி, முதல் ஊர்ல லாபம் பார்க்கறதுக்கு முன்னாடியே ஊர் ஊரா கிடங்கு கட்ட பெக்டெல்ங்கற கட்டுமான நிறுவனத்தோட 100 கோடி டாலர் அளவுக்கு ஒப்பந்தம் போட்டாங்க. 2001 ஜூலையில முடிஞ்சது. இதையெல்லாம் மந்தத்தோட கணக்குல எழுதாதீங்க. ஒழுங்கா லாபத்துக்கு விக்கற இணையக் கடை ஏன் பயப்படணும்?

மலர்விழி_நூல்கடை:
வணக்கம். ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன். நான் ஒழுங்கா லாபத்துக்கு விக்கற ஆள். தையல், பின்னல் வேலைக்கான நூல், ஊசி, துணிச்சாயம் எல்லாம் என் சொந்தத் தளத்துல விக்கறேன், முதலீட்டாளர் யாரும் கிடையாது. அண்ணா கேட்ட “ஏன் பயப்படணும்”ங்கறதுக்கு என் கணக்கைப் பிரிச்சே காட்டிடறேன்.

ஒரு ஆர்டர் 100-னு வெச்சுக்கோங்க. சரக்கோட அடக்கம் 55. பெட்டி, ஒட்டற டேப், கூரியர் எல்லாம் சேர்த்து 15. பணம் வசூல் பண்ற கேட்வே கமிஷன் 3. அந்த ஆர்டரைக் கொண்டுவர்ற விளம்பரச் செலவு 17. மிச்சம் 10. இது நல்ல காலத்துக் கணக்கு.

மந்தம் வந்தா ஆர்டர் நின்னுடும்னு எல்லாரும் நினைக்கறாங்க. நிக்காது. சின்னதாகும். அஞ்சு கலர் நூல் எடுக்கறவங்க மூணு எடுப்பாங்க. 100-க்கு வந்த ஆர்டர் 70-க்கு வரும். இப்ப சரக்கு அடக்கம் 38.5. கூரியர் அதே 15, ஏன்னா பெட்டி பெட்டிதான். கேட்வே 2. விளம்பரம் அதே 17. கூட்டினா 72.5. வித்தது 70. ஆர்டர் எண்ணிக்கை ஒண்ணுகூடக் குறையலை, ஆனா ஒவ்வொரு பார்சலுக்கும் 2.5 கையிலேர்ந்து போகுது. வெளியிலேர்ந்து பார்க்கறவங்களுக்கு “பிசியா இருக்கீங்க போலிருக்கே”ன்னு தோணும்.

கடை வெச்சிருக்கறவருக்கு வாடகை எப்படியோ, அப்படித்தான் எனக்கு கூரியரும் விளம்பரமும். வாடகை மாசத்துக்கு ஒரு தடவை. என்னோடது ஒவ்வொரு ஆர்டருக்கும்.

வலைக்கடை:
அருமையான கணக்கு, ஆனா ஒரு இடத்துல ஓட்டை இருக்கு. விளம்பரச் செலவு அதே 17-னு எப்படிப் போட்டீங்க? மந்தத்துல பெரிய கம்பெனிகள் முதல்ல வெட்டறதே விளம்பர பட்ஜெட்டைத்தான். கூகுள், ஃபேஸ்புக் விளம்பரம் எல்லாம் ஏலம். ஏலத்துல பெரிய ஆள் எழுந்து போயிட்டா விலை இறங்கும். 2009-ல அமெரிக்காவுல இணைய விளம்பர வருமானம் 3.4 சதவீதம் குறைஞ்சது. கூகுளோட வருமானமே 2009 முதல் காலாண்டுல அதுக்கு முந்தின காலாண்டைவிடக் குறைஞ்சது, அதுவும் முதல் தடவையா. கூகுளுக்கு நஷ்டம்னா அந்த லாபம் யாருக்கு? உங்களை மாதிரி சின்ன ஆளுக்குத்தானே?

மலர்விழி_நூல்கடை:
அதையும் போட்டுப் பார்த்துடலாம் அண்ணா.

நல்ல காலத்துல 100 கிளிக்குக்கு 3 ஆர்டர். ஆர்டருக்கு 17-ன்னா 100 கிளிக்குக்கு 51. மந்தத்துல கிளிக் விலை கால்வாசி குறைஞ்சா 100 கிளிக்குக்கு சுமார் 38. சந்தோஷம். ஆனா நீங்களே முதல் பதிவுல சொன்னீங்க, மனுஷன் நாலு இடத்துல விலை பார்ப்பான்னு. அந்த நாலு இடத்துல ஒண்ணுதான் நான். பார்க்க வர்றவங்க அதிகம், வாங்கறவங்க கம்மி. 3 ஆர்டர் 2 ஆயிட்டா, 38-ஐ ரெண்டால வகுங்க. ஆர்டருக்கு 19. கிளிக் மலிவாயிடுச்சு, ஆர்டர் விலை ஏறிடுச்சு.

இரா_வேந்தன்:
😂 வலைக்கடை அண்ணே, கணக்கு கேட்டது நீங்கதான்.

வலைக்கடை:
சிரிங்க சிரிங்க. 3 ஆர்டர் 2 ஆகும்ங்கறது அவங்க அனுமானம். எல்லாப் பொருளுக்கும் அப்படி ஆகாது. பழுது பாக்கற உதிரி பாகம், பழைய பொருள், மலிவு மாற்று இதெல்லாம் விக்கறவங்களுக்கு மந்தத்துல 3 ஆர்டர் 4 ஆகும். புதுசு வாங்க முடியாதவன் இருக்கறதைச் சரிபண்ணுவான்.

மலர்விழி_நூல்கடை:
அது சரி. அதை நான் மறுக்கலை. என் தளத்துலயே ஊசி, பித்தான், ஜிப் நல்லா ஓடும், அலங்கார நூல்தான் தூங்கும். ஆனா ஊசிக்கும் ஜிப்புக்கும் மார்ஜின் என்னன்னு கேக்காதீங்க.

கல்லாப்பெட்டி:
அம்மா போட்ட கணக்கு லாப நஷ்டக் கணக்கு. அதைவிட வேகமாக ஆளைக் கவிழ்ப்பது இன்னொன்று. ரொட்டேஷன்.

இணையக் கடையின் பெரிய சௌகரியம் என்ன? வாங்குகிறவர் இன்றைக்கே பணம் கட்டிவிடுகிறார். சப்ளையருக்கு 60 நாள் கழித்துக் கொடுத்தால் போதும். மாதம் 100 விற்கிறீர்கள், அதற்கான கொள்முதல் 70 என்று வையுங்கள். எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் இரண்டு மாதக் கொள்முதல் பணம், அதாவது 140, சப்ளையருடையது உங்களிடம் சுழன்றுகொண்டிருக்கும். வட்டியில்லாக் கடன். விற்பனை ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். அதை வைத்துப் புதுச் சரக்கு போடலாம், விளம்பரம் கொடுக்கலாம், ஆள் சேர்க்கலாம். வளர்கிற வரைக்கும் லாபமே இல்லாவிட்டாலும் கல்லாவில் பணம் இருந்துகொண்டே இருக்கும். அமேசான் வளர்ந்ததில் இந்தச் சூத்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது விற்பனை 100-லிருந்து 60-க்கு இறங்குகிறது. மாதக் கொள்முதல் 42 ஆகிறது. சுழல்கிற பணம் 84-தான். ஆனால் பழைய பாக்கி 140 அப்படியே நிற்கிறது. வித்தியாசம் 56-ஐ இரண்டு மாதத்துக்குள் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாதம் 5 லாபம் பார்க்கிற கடை ஒரு வருஷத்து லாபத்தை இரண்டு மாதத்தில் எங்கிருந்து எடுக்கும்? இதற்கிடையில் சப்ளையரும் பயந்து “60 நாள் கிடையாது, 30 நாள்தான்” என்றால் முடிந்தது. கணக்குப் புத்தகத்தில் லாபத்தோடு இருக்கிற கடை பணம் இல்லாமல் சாகிறது இப்படித்தான்.

குற்றம்குற்றமே:
இதே கேள்வியைத்தான் 2000 ஜூனில் அமேசானைப் பற்றி லேமன் பிரதர்ஸில் இருந்த ரவி சூரியா என்ற கடன்பத்திர ஆய்வாளர் எழுப்பினார். பணம் தீர்ந்துவிடும் என்றார். பங்கு விலை விழுந்தது. 1999 டிசம்பரில் 100 டாலருக்கு மேல் இருந்த பங்கு 2001 செப்டம்பரில் 6 டாலருக்கும் கீழே. 2001 ஜனவரியில் 1,300 பேரை நீக்கினார்கள்.

தப்பித்தது எப்படி? சந்தை உச்சத்தைத் தொடுவதற்கு ஒரு மாதம் முன்பு, 2000 பிப்ரவரியில், ஐரோப்பாவில் 69 கோடி யூரோவுக்குக் கடன்பத்திரம் விற்று வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பணம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. 2001 கடைசிக் காலாண்டில்தான் முதன்முதலாக 50 லட்சம் டாலர் லாபம் காட்டினார்கள். வலைக்கடை தன் முதல் பதிவில் தூக்கிப் பிடித்த அந்த நிறுவனமே முந்தைய சரிவில் நூலிழையில் தப்பியது.

(எச்சரித்த லேமன் 2008-ல் போனது வேறு கதை.)

வலைக்கடை:
தப்பிச்சாங்கல்ல? போதும்.

சரி, 2020-க்கு வாங்க. அதுக்கு என்ன பதில்? பொருளாதாரம் சரிஞ்சது, ஆன்லைன் விற்பனை எகிறுச்சு. அதுவரைக்கும் இணையத்துல எதுவும் வாங்காத ஆளெல்லாம் வாங்கப் பழகிட்டாங்க.

கல்லாப்பெட்டி:
கடைக்குப் போகவே கூடாது என்று பூட்டி வைத்துவிட்டு, பல நாடுகளில் அரசே வீட்டுக்குப் பணமும் அனுப்பிய காலம் அது. அதை மந்தநிலைக்கு மாதிரியாகக் காட்டுவது நியாயமா? அப்போதும் எல்லா இணைய நிறுவனமும் எகிறவில்லை. பயணிகளுக்குத் தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி முழுக்க முழுக்க இணைய வியாபாரம்தான். 2020 மே மாதம் ஊழியர்களில் கால்வாசிப் பேரை, சுமார் 1,900 பேரை, நீக்கினார்கள். மனிதர்கள் பயணமே போகாதபோது எவ்வளவு நல்ல தளம் வைத்திருந்து என்ன பயன்?

குற்றம்குற்றமே:
அதே ஏர்பிஎன்பி அதே 2020 டிசம்பரில் பங்கு வெளியிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி உண்மை வேண்டாம்.

எனக்கு 2020-ஐவிட 2022 முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் மந்தநிலை என்று யாரும் அறிவிக்கவில்லை. வேலை இருந்தது, மக்கள் செலவும் செய்தார்கள். ஆனால் இணைய நிறுவனங்கள் பட்ட பாடு! இணையக் கடை நடத்த மென்பொருள் தரும் ஷாப்பிஃபை ஜூலையில் 10 சதவீத ஊழியரை நீக்கியது. பெருந்தொற்றுக் கால வேகம் அப்படியே நிலைக்கும் என்று போட்ட கணக்கு பலிக்கவில்லை என்று அதன் தலைவரே ஊழியர்களுக்கு எழுதினார். “இப்போது வாங்கு, பிறகு கட்டு” வியாபாரம் செய்யும் கிளார்னாவின் மதிப்பு 4,560 கோடி டாலரிலிருந்து 670 கோடிக்கு வந்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா நவம்பரில் 11,000 பேரை அனுப்பியது. காரணங்களில் பெரியது வட்டி. 2022 மார்ச்சில் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்த அமெரிக்க மத்திய வங்கி விகிதம் 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதம்.

ஆகவே இந்த இழையின் தலைப்பே கோணல் என்பது என் கருத்து. மந்தம் இல்லாத 2000-லும் 2022-லும் இணைய வியாபாரம் அடி வாங்கியது. மந்தம் இருந்த 2009-ல் அமேசான் 28 சதவீதம் வளர்ந்தது. 2008 டிசம்பரில் வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் பணப்பையைவிட, பணத்தின் விலைதான் இந்தத் துறையை அதிகம் ஆட்டுகிறது.

வலைக்கடை:
கிளார்னா, மெட்டா எல்லாம் முதலீட்டாளர் பணத்துலயும் விளம்பரத்துலயும் வாழற பெரிய மீன். சொந்தக் காசுல நடத்தற சின்னக் கடைக்கு வட்டி ஏறினா என்ன, இறங்கினா என்ன? அமேசான்கூட 2022-ல நஷ்டம்னு காட்டினாங்க, அதனால அங்க வித்தவனுக்கு என்ன போச்சு?

குற்றம்குற்றமே:
அமேசானின் 2022 நஷ்டம் 270 கோடி டாலர். ரிவியன் என்ற மின்கார் நிறுவனத்தில் அவர்கள் வைத்திருந்த பங்கின் மதிப்பு 1,200 கோடிக்கு மேல் சரிந்தது அதற்குப் பெரிய காரணம். இதை யாரும் தவறாகப் பயன்படுத்துவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

கல்லாப்பெட்டி:
“வித்தவனுக்கு என்ன போச்சு?” என்று கேட்டீர்களே, பதில் இருக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவில் அமேசான் தன் கிடங்கு வழியாக அனுப்பித் தருகிற சேவைக்கு, எரிபொருள், பணவீக்கம் என்று பெயர் சொல்லி, விற்பவர்களிடம் வாங்கும் கட்டணத்தின் மேல் 5 சதவீதம் கூடுதலாக வசூலிக்கத் தொடங்கியது. அந்த வருட இறுதிப் பண்டிகைக் காலத்துக்குத் தனிக் கட்டணம் வேறு. தளம் நடத்துகிறவருக்கு நெருக்கடி வந்தால் அதை இறக்கிவைக்க ஓர் இடம் இருக்கிறது: உங்கள் தலை. அந்தச் சின்னக் கடை அதை யார் தலையில் இறக்கும்?

மலர்விழி_நூல்கடை:
கட்டணம் ஏத்தறதுகூடப் பரவாயில்லை சார், முன்கூட்டியே மெயில் வரும். எனக்கு நடந்தது வேற. நான் பயன்படுத்தற பேமென்ட் கேட்வே (பேர் வேண்டாம்) ஒரு நாள் காலையில, “உங்கள் வகைத் தொழிலில் ரிஸ்க் கூடியுள்ளது”ன்னு சொல்லி, தினமும் வர்ற வசூல்ல ஒரு பங்கைப் பிடிச்சு வெச்சு 90 நாள் கழிச்சுத்தான் தருவோம்னுட்டாங்க. நான் ஒரு ரிட்டர்ன் தகராறுலகூட மாட்டினதில்லை. கடைகள் திடீர்னு மூடினா, பொருள் வராத வாடிக்கையாளருக்கு அவங்கதான் பணத்தைத் திருப்பித் தரணுமாம். அவங்க பயம் அவங்களுக்கு. ஆனா கல்லாப்பெட்டி சார் சொன்ன ரொட்டேஷன் எனக்கு அன்னையோட தலைகீழாயிடுச்சு. “வாடிக்கையாளர் இன்னைக்கே பணம் கட்டிடறார்”ங்கறதுதானே அடிப்படை? அவர் கட்டிட்டார். என் கைக்குத்தான் வரலை.

கடைத்தெருவுல கடை வெச்சிருந்தா கல்லாவுல விழுந்த காசு விழுந்ததுதான்.

சந்தாக்காரன்:
பொருள் விக்கறவங்களே பேசறீங்க. நான் சின்ன கம்பெனிகளுக்குப் பில் போடற மென்பொருளை மாசச் சந்தாவுல விக்கறேன். எங்களுக்குக் கூரியர் கிடையாது, சரக்கு கிடையாது. அதனால மந்தத்துல நாங்கதான் பத்திரம்னு ஒரு பேச்சு உண்டு. அரைகுறை உண்மை.

வாடிக்கையாளர் வந்து “நிறுத்தறேன்”னு சொல்றது பாதிதான். மீதிப் பேர் ஒண்ணும் சொல்றதில்லை, கார்டுல பணம் இல்லாம மாசச் சந்தா எடுபடாமப் போகும். ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணுவோம், அப்புறம் கணக்கு தானா மூடிக்கும். நல்ல காலத்துல கார்டு காலாவதி ஆனதால வர்ற தோல்விதான் அதிகம், புதுக் கார்டைப் போட்டுடுவாங்க. காலம் கெட்டா “போதிய இருப்பு இல்லை”ங்கற காரணம் மேல ஏற ஆரம்பிக்கும். எந்தப் பத்திரிகையில மந்தம்னு தலைப்பு வர்றதுக்கும் முன்னாடி எங்களுக்கு அந்தப் பட்டியல்ல தெரிஞ்சுடும். இன்னொண்ணு, 10 பேருக்கு உரிமம் எடுத்த கம்பெனி 6 பேரை வேலையை விட்டு எடுத்தா, எங்க சந்தாவும் 4 பேருக்கு ஆயிடும். வாடிக்கையாளரை இழக்கலை, வருமானத்துல பாதிக்கு மேல இழந்துட்டோம்.

நெட்ஃபிளிக்ஸையும் இங்க இழுத்தாங்க. 2022 முதல் காலாண்டுல அவங்களே 2 லட்சம் சந்தா இழந்தாங்க.

குற்றம்குற்றமே:
ரஷ்யாவில் சேவையை நிறுத்தியதால் போன 7 லட்சம் அதில் சேர்ந்தது. அதைக் கழித்தால் 5 லட்சம் கூடியிருக்கும். அடுத்த காலாண்டில் போன ஏறத்தாழ 10 லட்சத்துக்குத்தான் இந்தச் சாக்கு கிடையாது.

சந்தாக்காரன்:
ஐயா சாமி, உங்க பேருக்கு ஏத்த ஆள்தான்.

இரா_வேந்தன்:
ஃப்ரீலான்ஸ் பண்றவங்களை யாருமே பேசலை. வேலை போனவங்க எல்லாம் அடுத்த மாசமே ஆன்லைன்ல வேலை தேடி வந்துடறாங்க. லோகோ வரையற வேலைக்கு முன்ன பத்து பேர் போட்டி போட்டா, இப்ப கூட்டம் தாங்கலை. கேக்கற ரேட்டும் பாதியாயிடுது. இதுவும் ஆன்லைன் வியாபாரம்தானே? வேலை குடுக்கறவருக்கு ஆதாயம், செய்யறவருக்கு அடி. தலைப்புக்கு ரெண்டு பதிலும் இங்கயே இருக்கு.

வலைக்கடை:
எல்லாரும் சேர்ந்து பயமுறுத்தறீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மலர்விழி அம்மாவே பதில் சொல்லட்டும். மந்தத்துல உங்க போட்டியாளர்ல நாலு பேர் மூடறாங்கன்னு வைங்க. அந்த நாலு பேரோட வாடிக்கையாளர் நூல் வாங்கறதை நிறுத்திடப் போறாங்களா? உங்ககிட்டதானே வருவாங்க? தாக்குப்பிடிச்சு நின்னா ஆதாயம்னு நான் சொன்னது இதைத்தான்.

மலர்விழி_நூல்கடை:
வருவாங்க அண்ணா. ஆனா எப்ப வருவாங்கன்னு பாருங்க. மூடறவங்க ஒரே நாள்ல மூடறதில்லை. மூடறதுக்கு முன்னாடி “இருப்பு தீரும் வரை பாதி விலை”ன்னு போடுவாங்க. அந்த மாசங்கள்ல யார் என்கிட்ட முழு விலைக்கு நூல் வாங்குவாங்க? நல்லா நடத்திக்கிட்டிருந்தப்ப அவங்க எனக்குப் பண்ணாத சேதத்தைப் போறப்பப் பண்ணிட்டுப் போறாங்க. அதுவும் இணையத்துல அந்தப் பாதி விலை அவங்க தெருவோட நிக்காது, என் வாடிக்கையாளர் அத்தனை பேர் திரையிலயும் தெரியும். ஒரு தடவை பாதி விலைக்கு ரெண்டு வருஷத்துக்கு ஆகற நூலை வாங்கி அடுக்கினவங்க திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும்.

கல்லாப்பெட்டி:
இதை நான் யோசிக்கவில்லை. 2001-ல் ஈடாய்ஸ் பொம்மைத் தளம் திவாலாகி சரக்கெல்லாம் கைமாறியபோது மற்ற பொம்மைக் கடைகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

வலைக்கடை:
அப்ப அந்தப் பாதி விலைச் சரக்கை நீங்களே மொத்தமா வாங்கிப் போட வேண்டியதுதானே? வியாபாரம்னா அதானே. 2009-ல அமேசான் ஸாப்போஸை வாங்கலையா?

மலர்விழி_நூல்கடை:
வாங்கினேனே! மூடற ஒருத்தங்ககிட்ட பருத்தி நூல் மொத்தமும் பேசி முடிச்சேன், அடக்கத்துல பாதிக்கும் கீழ. அவங்க கடன் எல்லாம் தர மாட்டாங்க, மூடறவங்களுக்கு ரொக்கம்தான் வேணும். என்கிட்ட இருந்த ரொக்கத்துக்கு வெள்ளையும் கறுப்பும் எடுத்தேன். கலர் நூல் எல்லாம் வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார். கேட்வேக்காரங்க பிடிச்சு வெச்சிருந்த பணம் அடுத்த மாசம்தான் வந்துச்சு.

வலைக்கடை:
அந்தக் கலர் நூலை எடுத்தவரும் ஆன்லைன்ல விக்கறவர்தானே?

மலர்விழி_நூல்கடை:
இல்லை அண்ணா. கடைத்தெருவுல கடை வெச்சிருக்கறவர். சொந்தக் கட்டிடம், வாடகை கிடையாது.